பிரெஞ்சுப் பொத்தான்

அந்த மண்டபத்தில் வேலை செய்த காலத்தில், காலையில் போனதும் என் முதல் வேலை இயந்திரங்களின் முகத்தைத் துடைப்பதுதான். ரொறன்ரோவின் எல்லையைத் தாண்டி பஸ்ஸில் நெடுந்தூரம் போனால் வரும் சூதாட்ட மண்டபம் அது. பெயர் இங்கே வேண்டாம். காசு போட்டுப் பொத்தானை அழுத்தினால் படங்கள் சுழன்று நிற்கும் இயந்திரங்கள் வரிசை வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு சிறு அறிவித்தல் ஒட்டியிருப்பார்கள்: இயந்திரம் பழுதுபட்டால் பரிசு செல்லாது. சேர்ந்த புதிதில் என் மேற்பார்வையாளர் டெரிக்கிடம் கேட்டேன், பழுதுபட்ட இயந்திரத்தில் ஒருவர் தோற்றுப்போனால் அந்தக் காசைத் திருப்பிக் கொடுப்பார்களா என்று. நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்து அவர் நன்றாகச் சிரித்தார். நான் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தேன்.

தவராசா அண்ணையை எனக்கு அங்கேதான் பழக்கம். மோர்னிங்சைட்டில் குடியிருந்தார். பேக்கரியில் மா பிசையும் பகுதியில் வேலை. செவ்வாய்க்கிழமைகளில் வேலை முடிந்த கையோடு வருவார். நகக்கண்களில் மா காய்ந்திருக்கும். மூலையில் இருந்த ஒரே இயந்திரத்தில்தான் விளையாடுவார். அதைப் பற்றிப் பேசும்போது ஒரு முரட்டு மாட்டைப் பற்றிச் சொல்வதுபோல இருக்கும். “உவன் இண்டைக்குக் கோவத்தில நிக்கிறான், தங்கச்சி” என்பார். பெரும்பாலும் தோற்றார். தோற்றதற்காக யாரும் அவரைக் கூப்பிட்டு விசாரிக்கவில்லை.

அந்த இயந்திரத்தில் ஏதோ பிசகு என்று முதலில் சொன்னது அவரல்ல, ஒரு வெள்ளைக்கார மூதாட்டி. திரையின் கீழே ஆங்கிலம், பிரெஞ்சு என்று இரண்டு மொழிப் பொத்தான்கள் உண்டு. வென்ற கையோடு பிரெஞ்சுப் பொத்தானைத் தொட்டால் திரை ஒருமுறை கறுத்து, அதே பரிசு இரண்டாம் முறையும் ஏறியது. கைதவறித் தொட்ட அந்த அம்மா பயந்துபோய் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் டெரிக்கிடம் சொன்னேன். பழுது எழுதும் புத்தகத்திலும் என் கையாலேயே எழுதினேன். “திருத்த ஆள் வரும், அதுவரைக்கும் விடு” என்றார். ஆள் வரவில்லை. நன்றாக ஓடும் இயந்திரம் என்பதால் அதை நிறுத்தவும் இல்லை.

சில வாரங்களில் தவராசா அண்ணையும் அதைக் கண்டுபிடித்துவிட்டார். அவர் அப்படி எடுத்த மூன்றாவது செவ்வாயில் நான் பக்கத்தில் போய் நின்றேன்.

“வேண்டாம் அண்ணை, பிரச்சினை வரும்.”

“என்ன பிரச்சினை? நான் மெசினைத் திறந்தனானே? கம்பி விட்டனானே? உவன் காட்டுற பொத்தானைத்தானே அமத்துறன்.”

அவர் சொன்னதில் எனக்குப் பிழை தெரியவில்லை. பயம் மட்டும் இருந்தது.

அடுத்த செவ்வாய் மத்தியானம் மண்டபம் அழைத்து நாலு பொலிஸ்காரர் வந்தார்கள். கதிரையில் இருந்தவரைத் தூக்கி, முகத்தை இயந்திரத்தோடு அழுத்தி, கைகளைப் பின்னால் வளைத்து விலங்கு போட்டார்கள். சுற்றியிருந்தவர்கள் விளையாட்டை நிறுத்தவில்லை. “தங்கச்சி, இவையளுக்கு ஒருக்காச் சொல்லும்” என்றார். வாடிக்கையாளர் விசயத்தில் ஊழியர் வாய் திறக்கக்கூடாது என்பது மண்டபத்தின் சட்டம். நான் கையிலிருந்த துணியை மடித்தேன். பிறகு அதை விரித்துத் திரும்பவும் மடித்தேன்.

ஐந்து நாள் மறியலில் அடைத்து வைத்திருந்தார்கள். மொழிபெயர்ப்பாளர் வருமுன்னரே தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவர் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். “அவன் எனக்கு ரெண்டு தரம் தருவான். அவன் நல்லவன்.” யார் அந்த அவன் என்று பொலிஸ் கேட்டிருக்கிறது. மூலையில் இருப்பவன் என்றிருக்கிறார். மண்டபத்துக்குள் ஒரு கூட்டாளி இருக்கிறான் என்று எழுதிக்கொண்டார்கள். மறுநாள் மண்டபத்தின் பாதுகாப்புப் பிரிவு என்னை ஓர் அறையில் இருத்தி, அந்த ஆளின் பெயரைக் கேட்டது. எங்கள் பேச்சில் அடங்காத இயந்திரத்தையும் அவன் என்போம் என்று விளக்கினேன். விசாரித்த பெண் அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி, ஆனால் அவன் யார்?” என்றாள்.

ஒரு ஞாயிறு அவருடைய மனைவி இந்திராக்கா மல்வேர்னில் எங்கள் வீட்டுக்கு வந்தார். பேக்கரி அண்ணையை வேலையால் நிறுத்திவிட்டது. பிணையில் விட்டதிலிருந்து கிழமைக்கு ஒருமுறை பொலிஸில் போய்க் கையெழுத்து. அதைவிடப் பெரிய பயம் வேறு. இத்தனை வருடமாகியும் அவர் குடியுரிமை எடுக்கவில்லை. சோதனைக்கு ஆங்கிலம் காணாது என்று தள்ளிப் போட்டபடியே இருந்திருக்கிறார். மோசடி என்று தீர்ப்பானால் நாடு கடத்தவும் கூடும் என்று சட்டத்தரணி சொல்லியிருந்தார்.

“பொய் சொல்லச் சொல்லேல்லை. நீர் கண்டதை மட்டும் சொல்லும்” என்றார் இந்திராக்கா. தேத்தண்ணியைத் தொடவில்லை.

அவர் போனதும் என் கணவர் சொன்னார்: “உமக்கேன் உந்த வேலை? ஏற்கெனவே உம்மிலயும் சந்தேகப்படுறாங்கள்.”

ஊரில் இருப்பவர்களுக்கு இந்தப் பயத்தை நான் விளக்கத் தேவையில்லை. யுத்த காலத்தில் எங்கள் எதிர்வீட்டு ஆசிரியரைக் கூட்டிக்கொண்டு போனவர்களை நான் கண்டேன். வாகனத்தின் நிறமும், ஒருவன் செருப்பு மாற்றிப் போட்டிருந்ததும் இன்றைக்கும் நினைவிருக்கிறது. அவருடைய தாய் வந்து கேட்டபோது தெரியாது என்றேன். பிறகு விசாரிக்க வந்தவர்களிடமும் தெரியாது என்றேன். அந்தச் சொல்தான் என்னை உயிரோடு விமானம் ஏற்றியது. இந்த நாட்டில் அப்படியொரு சொல் தேவைப்படாது என்று நம்பித்தான் வந்தேன். ஆனால் துணியை மடித்துக்கொண்டு நின்ற அந்த மத்தியானம், நான் சொல்லாமல் சொன்னதும் அதுதானே? அன்றிரவே இந்திராக்காவைத் தொலைபேசியில் அழைத்து, சாட்சி சொல்ல வருகிறேன் என்றேன்.

வழக்கு வர ஒரு வருடத்துக்கு மேலானது. அரச தரப்புச் சட்டத்தரணி இளம் பெண், மரியாதையாகத்தான் கேட்டார். “உங்களுக்குப் பிரெஞ்சு தெரியாது. பிறகேன் பிரெஞ்சுப் பொத்தானை அழுத்தினீர்கள்?”

“எனக்கு இங்கிலீசும் தெரியாதுதானே, பிள்ளை” என்றார் தவராசா அண்ணை. மொழிபெயர்ப்பாளர் சொன்னதும் நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார்.

என் முறை வந்தது. மூதாட்டி காட்டியது, டெரிக் சொன்னது, புத்தகத்தில் எழுதியது எல்லாவற்றையும் சொன்னேன். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் சட்டத்தரணி அந்தப் புத்தகத்தை வருவித்திருந்தார். என் கையெழுத்து இருந்தது, எழுத்துப் பிழையோடு. மதிய இடைவேளைக்குப் பிறகு, வழக்கைத் தொடரப் போவதில்லை என்று அரச தரப்பு சொன்னது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த இயந்திரம் திருத்தப்பட்டு, அவரைப் பிடித்துக் கொண்டுபோன இரண்டாம் நாளே ஓடத் தொடங்கிவிட்டது. அடுத்த மாதம் என் வேலை நேரம் பாதியானது. அதற்கடுத்த மாதம் நானாகவே நின்றுவிட்டேன்.

வழக்கு முடிந்த அன்று நீதிமன்ற வாசலில் எங்கள் சட்டத்தரணி அண்ணையின் கையைக் குலுக்கி, “யூ கேன் கோ ஹோம் நவ்” என்றார். தவராசா அண்ணையின் முகம் வெளிறியது. என் சட்டைக் கையைப் பிடித்தார்.

“ஊருக்கே அனுப்பப் போறாங்கள், தங்கச்சி?”

“இல்லை அண்ணை. உங்கட வீட்டுக்கு. மோர்னிங்சைட்டுக்கு.”

படியிலேயே இருந்துவிட்டார். இந்திராக்கா பக்கத்தில் இருந்து அவருடைய முதுகைத் தடவினார். சட்டத்தரணி தான் சொன்னதில் என்ன பிழை என்று விளங்காமல் என்னைப் பார்த்தார். கனடாக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் எனக்கும் ‘ஹோம்’ என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் முதலில் மனதில் வந்தது மல்வேர்ன் அல்ல, எதிர்வீட்டு ஆசிரியரின் வாசல் படலை. அது திறந்தபடியே கிடந்தது.