இரண்டு துறைக்கு ஒரு மந்திரி

ஊரில் அவரை ஐஸ் என்றுதான் சொல்வார்கள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஐஸ் ஃபாக்டரி வைத்திருந்தவர். கட்டி உடைப்பது முதல் படகுக்காரர்களோடு வாய்ச்சண்டை போடுவது வரை எல்லா வேலையும் செய்தவர். கோபமே வராத மனிதர் என்பதால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது என்று கட்சிக்காரர்கள் மேடையில் பேசுவார்கள். கோபம் வரும். அதைக் காட்டுவதற்குள் அசதி முந்திக்கொள்ளும், அவ்வளவுதான்.

மீன்வளத் துறை அவர் கேட்டு வாங்கியது. சுகாதாரத் துறை தலையில் வந்து விழுந்தது. அதை வைத்திருந்தவர் முறைத்துக்கொண்டு வெளியேறிய அன்று, "கொஞ்ச நாளைக்கு நீயே பாத்துக்கோ" என்றார் முதல்வராக இருக்கும் கட்சித் தலைவர். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. போனவரின் மூக்குக்கண்ணாடி மேசை இழுப்பறையில் அப்படியே கிடந்தது. அவர் கேட்டு அனுப்பவில்லை, இவரும் எடுத்துப் போடவில்லை.

காலையில் சுகாதாரம், சாப்பாட்டுக்குப் பிறகு மீன். இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே ஒரு சாலை. சுகாதாரச் செயலர் ஒல்லி, எதையும் காதோடு காதாகத்தான் சொல்வார். மீன்வளச் செயலர் பருமன், கெட்ட சேதியையும் சிரித்தபடி சொல்வார். இருவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். யார் மூப்பு என்பதில் அன்று தொடங்கிய தகராறு. ஒருவர் அறையை மற்றவர் எட்டிப் பார்ப்பதில்லை. அதனால் சாலையைக் கோப்புகள்தான் கடந்தன. அமைச்சரும் கடந்தார், ஆனால் கையை வீசிக்கொண்டு.

துறைமுகத்துப் பையன்கள் படகிலிருந்து இறங்கும் காற்றுக்குழாயை வாயில் கவ்விக்கொண்டு ஆழத்துக்குப் போய்ச் சிப்பி எடுப்பார்கள். அவசரப்பட்டு மேலே வந்தால் ரத்தத்தில் காற்றுக் குமிழ் கட்டிக்கொள்ளும், கால் விழுந்துபோகும். அழுத்த அறை என்று ஒன்று உண்டு. அதற்குள் உடனே படுக்க வைத்தால் குமிழ் கரையும். தலைநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் மட்டும்தான் அது இருந்தது. துறைமுக ஆஸ்பத்திரிக்கும் ஒன்று வேண்டும் என்று முக்குளிப்பவர்கள் மனுக் கொடுத்திருந்தார்கள்.

தொழிலால் வரும் நோய், மீன்வளத் துறைதான் வாங்கித்தர வேண்டும் என்று எழுதியது சுகாதாரம். மருத்துவக் கருவி, சுகாதாரத் துறைதான் வாங்க வேண்டும் என்று எழுதியது மீன்வளம். காலையில் ஒன்றில் கையெழுத்திட்டார், மதியம் இன்னொன்றில். சுகாதாரத்தின் கோப்பில் அதற்கு 'உயரழுத்தப் பிராணவாயு சிகிச்சை அமைப்பு' என்று பெயர். மீன்வளத்தின் கோப்பில் 'முக்குளிப்போர் நலக் கூடம்'. தனக்குத்தானே மாட்டேன் என்று சொல்லிக்கொண்டது அவருக்கு உறைக்கவே இல்லை. அவையில் கேட்பதற்கு ஒரு கேள்வி வந்தபோதுதான் உறைத்தது. அதற்குள் அக்கா மகன் கடலில் இறங்கியிருந்தான்.

படகில் காற்றடிக்கும் என்ஜின் நின்றுவிட்டது. அவன் மூச்சுக்குத் தவித்து ஒரே பாய்ச்சலாக மேலே வந்தான். வேனில் தலைநகரம் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது.

மாமன் பார்க்கப் போனார். கண்காணிப்பாளர், டீன், புதிதாக மாற்றிய விரிப்பு எல்லாம் இருந்தது. அக்கா கட்டில் ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் வெளியே போன பிறகு கேட்டாள்.

"இது உன் ஆஸ்பத்திரிதானடா?"

"ஆமாக்கா."

"நம்ம ஊர்ல இருக்கறது?"

"அதுவும்தான்."

"கடலு?"

"அதுவும் என் துறைதான்."

"அப்ப நான் யார்கிட்ட போய் கேக்கறது?"

அவர் பையனின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். அவன் கூரையைப் பார்த்தபடி, "தொடுறீங்களா மாமா?" என்றான்.

கேள்வி நாளன்று காலை ஒல்லிச் செயலர் பதிலோடு வந்தார்.

"சார், மூணு வார்த்தை மட்டும் வாயில வந்துடக் கூடாது. செய்வோம், வாங்குவோம், கண்டிப்பா."

"வேற என்ன சொல்ல?"

"ஆவன செய்வது குறித்து ஆராயப்படும்."

"ஆராய்ஞ்சப்புறம்?"

"அதை அடுத்த கூட்டத்தொடர்ல கேப்பாங்க சார்."

அவர் பயம் நியாயமானது. அவையில் அமைச்சர் செய்வோம் என்று சொல்லிவிட்டால் அது உறுதிமொழி. அதற்கென்று ஒரு குழு இருக்கிறது. செய்து முடிக்கும்வரை அது விடாது. கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்கும். முந்தைய அமைச்சர் உணர்ச்சிவசப்பட்டுச் சொன்ன ஒரு வார்த்தைக்காக ஒல்லிச் செயலர் அந்தக் குழுமுன் வியர்த்துக்கொண்டு நின்ற கதை இரண்டு கட்டடத்திலும் பிரசித்தம். பருமன் செயலர் அதை நடித்தே காட்டுவார்.

கேள்வி கேட்டவர் எதிர்க்கட்சிப் பெண் உறுப்பினர். பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தியவர். எல்லாருக்கும் அவர் டீச்சர்தான், சபாநாயகருக்கும்கூட வாய்தவறி வந்துவிடும். அமைச்சர் எழுந்து எழுதித்தந்த பதிலைப் படித்தார். ஆராயப்படும் என்ற இடத்தில் குரல் தானாக இறங்கியது. உட்கார்ந்தார்.

டீச்சர் துணைக் கேள்விக்கு எழுந்தார். "கோப்பு ஏன் நிக்குதுன்னு மாண்புமிகு மீன்வளத் துறை அமைச்சர் சொல்வாரா?"

அமைச்சர் எழுந்தார். "சுகாதாரத் துறையின் கருத்துக்காகக் காத்திருக்கு." உட்கார்ந்தார்.

"அப்ப மாண்புமிகு சுகாதாரத் துறை அமைச்சர் எழுந்து, ஏன் கருத்து சொல்லலைன்னு சொல்லட்டும்."

முட்டியைப் பிடித்துக்கொண்டு மறுபடி எழுந்தார். இரண்டு பக்கமும் சிரிப்பு. அவருடைய கட்சிக்காரர்கள்தான் அதிகம் சிரித்தார்கள்.

"மீன்வளத் துறையோட கருத்துக்காகக் காத்திருக்கோம்."

"ரெண்டு அமைச்சர்களும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கறது உண்டா?"

"ஷேவ் பண்ணும்போது பார்ப்பாங்க."

அவை குலுங்கியது. சபாநாயகர் மணியை அடித்தார். டீச்சரும் சிரித்துவிட்டார். பிறகு கையிலிருந்த தாளை மடித்துக்கொண்டு, "பையன் எப்படி இருக்கான்?" என்றார்.

"கேள்வி மட்டும் கேளுங்க டீச்... மாண்புமிகு உறுப்பினரே," என்றார் சபாநாயகர்.

"படுத்திருக்கான்," என்றார் அமைச்சர்.

சிரிப்பு நின்றது. அவர் அதிகாரிகள் மாடத்தைப் பார்த்தார். ஒல்லியும் பருமனும் நடுவே ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒல்லி வேண்டாம் என்பதுபோல லேசாகத் தலையாட்டினார். துணைக் கேள்விகளுக்கென்று அச்சடித்துத் தந்த தாளில் இன்னும் பாதிப் பக்கம் இருந்தது. அதைப் படித்து முடிப்பதற்கான மூச்சு தன்னிடம் இல்லை என்று அவருக்குத் தோன்றியது. வீரமாக எதுவும் தோன்றவில்லை.

"ரெண்டு எடத்துலயும் கையெழுத்து போட்டது நான்தான். வேற யாரும் தாமதம் பண்ணலை. சுகாதாரத் துறை பணத்துல வாங்குவோம். அடுத்த சிப்பி சீசனுக்குள்ள துறைமுக ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ற மாதிரி செய்வோம். கண்டிப்பா."

மூன்று வார்த்தையும் வந்துவிட்டது. ஒல்லிச் செயலர் கண்ணை மூடிக்கொண்டார்.

அவை கலைந்ததும் தலைவர் தன் அறைக்குக் கூப்பிட்டார். தலைவர் சட்டைப் பொத்தானைத் தளர்த்திக்கொண்டு ஏசிக்கு நேராக உட்கார்ந்திருந்தார்.

"என்னய்யா இது? நிதித் துறையை ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா?"

"கேட்டா முடியாதும்பாங்க."

"அதுக்குத்தானே கேக்கறது!" குரல் தணிந்தது. "உன்னைச் சொல்லிக் குத்தமில்ல. ரெண்டு வண்டியை ஒரு மாடு இழுக்குமா? சுகாதாரத்தை வேற ஆளுக்குக் கொடுத்துடறேன். நீ மீனை மட்டும் பாரு. கொஞ்சம் தூங்கு."

அதைத்தான் அவர் நாள்தோறும் வேண்டிக்கொண்டிருந்தார். காலை நேரத்தில் யாரும் எழுப்பாத படுக்கை, ஊருக்குப் போய் ஃபாக்டரி வாசலில் செருப்பைக் கழற்றிப்போட்டு உட்காருவது, எல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருந்தது. நன்றி என்று சொல்ல வாயைத் திறந்தார்.

"புதுசா வர்றவர் இதை வாங்குவாரா?"

"வர்றவன் நெலமையைப் பாத்து முடிவு பண்ணுவான். சொன்னது நீ, அவனில்லையே."

"அப்ப இது வந்து சேர்ற வரைக்கும் என்கிட்டயே இருக்கட்டும்."

"நிதி ஒத்துக்கலைன்னா?"

"அவர் வீட்டு வாசல்ல போய் உக்காந்துக்கறேன். எனக்கு உக்காரணும் போலத்தான் இருக்கு."

தலைவர் சிரிக்கவில்லை. "சீசனுக்குள்ள வரலைன்னா குழு உன்னைத்தான் கிழிக்கும். ரெண்டு துறையும் போகும். நான் நடுவுல வர மாட்டேன்."

"வர வேண்டாம்."

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனார். இந்த முறை யாருக்கும் சொல்லி அனுப்பவில்லை. பிசியோதெரபிஸ்ட் பையனின் காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார். பையன் இவரைப் பார்த்ததும், "மாமா, டிவில நீங்க பேசினதைப் போட்டாங்க. ஷேவிங்னு சொன்னதுக்கு நர்ஸக்கா விழுந்து விழுந்து சிரிச்சாங்க," என்றான்.

"நீ சிரிச்சியா?"

"இடுப்புக்கு மேல சிரிச்சேன்."

பிசியோதெரபிஸ்ட் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா மகனின் தோளில் ஒரு தட்டுத் தட்டி, "வாயி மட்டும் நல்லா வேலை செய்யுது," என்றாள். தம்பியை வராந்தாவுக்குக் கூட்டிப்போனாள்.

"ஒண்ணை விட்டுடறியான்னு கேட்டாங்களாமே? உன் டிரைவர் சொன்னான். விட்டிருக்கலாம்லடா. கண்ணாடியில உன் மூஞ்சியைப் பாத்தியா?"

"விட்டா அது வராதுக்கா."

"வந்தாலும் இவனுக்கு இல்ல."

"இல்ல."

அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். அழவில்லை. அழுது முடித்த முகம்தான். வராந்தாக் கோடியில் யாரோ தரை துடைத்துக்கொண்டிருந்தார்கள், ஈரம் இவர்கள் கால்வரை வந்தது.

"அது வர்ற வரைக்கும் முங்கப் போகாதீங்கன்னு நம்ம ஊர்ப் பசங்ககிட்ட நான் சொல்லிப் பாக்கவா?"

"சொன்னா கேப்பாங்களா?"

"எப்படிக் கேப்பாங்க? என் பெரியவனே நாளைக்குப் போறான்."

மீன்வளத் துறை அமைச்சராக ஒரு தடை உத்தரவு போடலாம். போட்டால் எத்தனை அடுப்பு அணையும் என்று அவருக்குத் தெரியும்.

"நின்னுட்டே தூங்காதடா," என்றாள் அக்கா. "போ. போய் வாங்கற வழியப் பாரு."

அவர் படி இறங்கினார். காரில் ஏறி, நிதி அமைச்சர் வீட்டுக்கு விடச் சொன்னார். வீட்டில் இருப்பாரா என்று டிரைவர் கேட்டான். இல்லையென்றால் வரும்வரை இருப்போம் என்று சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டார்.