“தெரியாது” என்று சாட்சி சொன்ன ஞாயிற்றுக்கிழமை

ஒரே ஆண்டவரை நம்பி ஒரே பாயில் உட்காருகிற உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

எழுபத்தொன்றாம் வருஷம், ஆகஸ்ட் மாதம். மூன்று வாரமாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஜெபிக்க முழங்கால் போட்டால் வார்த்தை வரவில்லை, கோபம்தான் வந்தது. சபை மேல் கோபம். பாஸ்டர் மேல் கோபம். என் மேல் அதைவிடக் கோபம். எல்லாவற்றுக்கும் காரணம் உள்ளங்கை அகலத்தில் ஒரு சீட்டு. அதில் என் கையெழுத்து இருந்தது.

நான் தாம்பரத்துப் பக்கம் நெஞ்சுநோய்க்கு வைத்தியம் பார்க்கிற ஓர் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். அப்போது வயது இருபத்து நான்கு. நோயாளியின் சளியைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது என் வேலை. நீலத்துக்கு நடுவே சிவப்புக் குச்சிகள் தெரிந்தால் டி.பி. கிருமி உண்டு. தெரியாவிட்டால் இல்லை. ஆனால் இந்த ‘இல்லை’ செல்லுபடியாக வேண்டுமென்றால், கொடுத்தது நெஞ்சிலிருந்து வந்த சளியாக இருக்க வேண்டும். வாயிலிருந்து துப்பிய எச்சிலில் நாள் முழுக்கத் தேடினாலும் கிருமி கிடைக்காது.

எங்கள் சபை பெருங்களத்தூரில், பெரிய ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஓலைக் கொட்டகையில் கூடுகிறது. அறுபது எழுபது பேர் வருவோம். மாதத்தின் கடைசி ஞாயிறு சாட்சி ஞாயிறு. அன்றைக்கு மட்டும் வாடகைக்கு மைக் செட் வரும். கர்த்தர் செய்ததை முன்னால் போய் நின்று சொல்ல வேண்டும். சபை ஸ்தோத்திரம் சொல்லும்.

எங்கள் சபையில் எபினேசர் அண்ணன் என்று ஒருவர். பெயரை அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். படப்பைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அந்த வருஷம் பிப்ரவரியில் அவருக்கு டி.பி. என்று தெரிந்தது. லீவு போட்டு ஊசியும் மாத்திரையும் எடுத்துக்கொண்டார். ஒன்றரை வருஷம் விடாமல் எடுக்க வேண்டிய மருந்து அது. நாலைந்து மாதத்திலேயே எடை கூடியது, இருமல் அடங்கியது. ஜூலையில் நடந்த உபவாசக் கூட்டத்தில் பாஸ்டர் அவர் தலையில் கை வைத்து ஜெபித்தார். நானும் அன்று அழுது ஜெபித்தேன். அந்த ஜெபத்தில் ஒரு குற்றமும் இல்லை.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒரு நாள், காலை பதினொரு மணிக்கு மேல், அண்ணன் லேப் வாசலில் வந்து நின்றார்.

“சிஸ்டர், கொஞ்சம் சீக்கிரமா பார்த்துக் குடுங்க. திங்கட்கிழமை ஸ்கூல்ல சேரணும்.”

சளி டப்பாக்களை வாங்கி வைக்கிற கன்னியப்பன் அண்ணன் அவர் கொடுத்ததைச் சாய்த்துப் பார்த்தார். “இன்னா வாத்தியாரே, தண்ணியாட்டம் கீது? நெஞ்சுலேர்ந்து காறி எடுக்கணும்னு சொல்லிக்கினே இருக்கேன்.”

“சளியே வரலைப்பா. அதான் அற்புதம்.”

“அற்புதம் இல்ல சார், எச்சிலு.”

நான் சிரித்துவிட்டேன். சிரிக்காமல் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். எங்கள் லேப் சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது: காலையில் எழுந்ததும் எடுக்க வேண்டும், ஆழமாக இருமி எடுக்க வேண்டும், மூன்று நாள் மூன்று முறை தர வேண்டும். மூன்றில் ஒன்றுகூட இதில் இல்லை. ஆனால் சபை அண்ணன். வெயிலில் நிற்கிறார். படப்பை பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போதோ. வைத்துப் பார்த்தேன். வாயின் உள்தோலிலிருந்து உதிர்கிற தட்டையான செல்கள்தான் தெரிந்தன. ‘கிருமி இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கொடுக்கும்போது, “அண்ணா, இது சரியான சாம்பிள் இல்லை. இன்னும் ரெண்டு தடவை குடுக்கணும்” என்றேன். வாயால் சொன்னேன். சீட்டில் எழுதவில்லை. சீட்டு அவரோடு பஸ் ஏறியது. நான் சொன்னது லேப் வாசலிலேயே நின்றுவிட்டது.

அடுத்த ஞாயிறு பாஸ்டர் அந்தச் சீட்டை உயரத் தூக்கிக் காட்டினார். “நம்ம சபைப் பிள்ளையே பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கா! கிருமி இல்லை!” கொட்டகை அதிர்ந்தது. எபினேசர் அண்ணன் எழுந்து, ஜெபித்த மறுநாளே மாத்திரை பாட்டிலைக் கிணற்றில் எறிந்துவிட்டதாகச் சொன்னார். இன்னும் பலமாக ஸ்தோத்திரம். எனக்கு அப்போதுதான் அது தெரியும்.

அதற்குப் பிறகு அந்தச் சாட்சி வாரா வாரம் வளர்ந்தது. முதல் வாரம் இருமல் நின்றது. இரண்டாம் வாரம் டாக்டர் ஆச்சரியப்பட்டார். மூன்றாம் வாரம் டாக்டர் கண்ணீர் விட்டு, உங்கள் தேவன் யார் என்று கேட்டார். அந்த டாக்டர் அந்த மாதம் முழுக்க லீவில் இருந்தார்.

சிரிப்பு வரலாம். எனக்கு வரவில்லை. கிருமி அவர் நெஞ்சில் இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பாதியில் மருந்தை நிறுத்தினால் நோய் மறுபடி தலை தூக்கும், பழைய மருந்துக்கு மசியாமலும் போகலாம். அவர் மறுபடி வகுப்பில் நின்று பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் மூன்று வயதுப் பெண் பியூலா. அப்பா மடியைவிட்டு இறங்காத குழந்தை. அவர் தட்டிலேயே சாப்பிடும்.

எபினேசர் அண்ணனிடம் போனேன். “விசுவாசத்தைச் சோதிக்கக் கூடாது, சிஸ்டர்” என்றார். பாஸ்டரிடம் போனேன்.

“ஐயா, அது எச்சில்.”

“எதும்மா?”

“அண்ணன் குடுத்த சாம்பிள். அதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. நான் குடுத்தது தப்பு.”

“நீ சயின்ஸ் படிச்ச பொண்ணு. உனக்கு எதையும் ரெண்டு தடவை பார்க்கத் தோணும்” என்று சிரித்தார். “ஒண்ணு செய். இந்த மாசம் சாட்சி ஞாயிறுல நீயே மைக்ல வந்து சொல்லு. லேப்ல இருக்கிறவ சொன்னா ஜனங்களுக்கு விசுவாசம் பெருகும்.”

அவர் கெட்டவர் இல்லை. என் அப்பா இறந்தபோது மூன்று நாள் எங்கள் வீட்டுத் தரையில் படுத்து எங்களைத் தேற்றினவர். அதனால்தான் எரிச்சல் அதிகமாக இருந்தது. கெட்டவரென்றால் சண்டை போட்டுவிட்டுப் போய்விடலாம். குஷ்டரோகியைச் சுகமாக்கின நம் ஆண்டவரே, போய் ஆசாரியனிடம் உன்னைக் காட்டு என்று அவனை அனுப்பினார். அந்தக் காலத்துக்கு அதுதான் பரிசோதனை. ஆண்டவரே அனுப்புகிறார், இவர்கள் போகமாட்டேன் என்கிறார்கள். வருஷா வருஷம் வேதத்தை வாசித்து முடிக்கிற சபையில் இது ஒருவர் கண்ணிலும் படவில்லையா?

“வேற சபைக்குப் போயிடலாம்டி. தாம்பரத்துல இல்லாத சபையா?” என்றாள் அம்மா. யோசித்தேன். போனால் நான் தப்பிப்பேன். சீட்டு இங்கேயே இருக்கும். அது பாஸ்டரின் வேதப் புத்தகத்துக்குள் பத்திரமாக இருந்தது.

விண்ணப்பங்களை நம்பர் போட்டு நோட்டில் எழுதி ஜெபிப்பது என் பழக்கம். பதில் வந்தால் டிக் போடுவேன். அந்த வாரம் எழுதியது நான்கு. ஒன்று, ஞாயிறு பலத்த மழை வந்து கூட்டம் நிற்க வேண்டும். இரண்டு, பாஸ்டரின் மனம் மாற வேண்டும். மூன்று, என்னைத் தவிர வேறு யாராவது எழுந்து உண்மையைச் சொல்ல வேண்டும். நான்கு, இது எதுவும் முடியாவிட்டால் எனக்கு ஞாயிறு டியூட்டியாவது விழ வேண்டும். ஞாயிறு விடிந்தது. வெயில் சுட்டெரித்தது. டியூட்டி இல்லை. பாஸ்டர் உற்சாகமாக மைக்கைத் தட்டிக்கொண்டிருந்தார். “நாலு கேட்டேன், ஒண்ணுகூடவா?” என்று ஆண்டவரிடம் சொல்லிக்கொண்டேதான் செருப்பைக் கழற்றினேன். அதை ஜெபம் என்று சொன்னால், அன்றைக்கு நான் செய்த ஜெபம் அதுதான்.

மூன்றாவதாக என் பெயரைச் சொன்னார்கள். போய் நின்றேன். மைக் ஊளையிட்டது. யோசித்து வைத்ததெல்லாம் மறந்துவிட்டது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

“அந்தச் சீட்டு நான் எழுதினது. எழுதியிருக்கக் கூடாது. அண்ணன் குடுத்தது சளி இல்லை, எச்சில். அவசரத்துல, முகதாட்சணியத்துல கையெழுத்துப் போட்டுட்டேன். அது என் தப்பு. கர்த்தர் முன்னாலயும் உங்க முன்னாலயும் மன்னிப்புக் கேக்கறேன்.”

நாலு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் சத்தம்.

“அவிசுவாசிக்கு எதுக்கு மைக்கு?”

“வாத்தியாரை அவமானப்படுத்தவா கூப்பிட்டாங்க?”

“உட்காரும்மா, போதும்” என்று பாஸ்டர் மைக்கை வாங்கக் கை நீட்டினார். எபினேசர் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது பெண்கள் பக்கத்தில் கிரேஸ் அக்கா எழுந்தார். எபினேசர் அண்ணனின் மனைவி. சபையில் சத்தமாகப் பேசி நான் ஒருநாளும் கேட்டதில்லை. இடுப்பில் பியூலா.

“சிஸ்டர், எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அவருக்குக் கிருமி இருக்கா, இல்லையா?”

“தெரியாதுக்கா.”

“தெரியாதுன்னா?”

“தெரியாது. அதைச் சொல்லத்தான் நிக்கறேன். இருக்குன்னு சொல்லலை. இல்லைன்னு சொல்லவும் எனக்கு வழியில்லை.”

அக்கா கணவர் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?” உடனே சபையைப் பார்த்து அவரே சொன்னார்: “ரெண்டு வாரமா மறுபடி இருமல். வெளியில கேக்கக் கூடாதுன்னு தலையணையில வாயை அழுத்திக்கிறார். சாட்சி சொல்லிட்டோமே, கர்த்தர் நாமம் கெட்டுப்போகுமேன்னு. நான் சொன்னா எனக்கு விசுவாசம் இல்லைன்னுடுவீங்க. யாராவது ஒருத்தர் எழுந்து நிக்க மாட்டாங்களான்னு பாத்திரம் கழுவறப்பல்லாம் ஜெபம் பண்ணிக்கிட்டிருந்தேன்.” பிறகு என்னைப் பார்த்து அழ ஆரம்பித்தார்.

வேறு யாராவது எழுந்து சொல்லட்டும் என்று நான் இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தேன். அக்கா அந்தப் பக்கம் அதையே கேட்டுக்கொண்டிருந்தார். ஆண்டவர் இரண்டு பேரையும் எழுப்பி நிறுத்திவிட்டார், முதலில் என்னை. ‘என்னைத் தவிர’ என்று நான் எழுதினதை மட்டும் அவர் அடித்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு அண்ணனும் அக்காவும் லேப் வாசலில். அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. கன்னியப்பன் அண்ணன்தான் டப்பாவை வாங்கினார். சாய்த்துப் பார்த்துவிட்டு, “இது சரி வாத்தியாரே” என்று மட்டும் சொன்னார். நான் பார்த்தேன். தேடவே வேண்டியிருக்கவில்லை. சிவப்புக் குச்சிகள் கொத்துக் கொத்தாக இருந்தன.

அன்றே வார்டில் சேர்த்தார்கள். புது டாக்டர் மருந்தை மாற்றி எழுதினார். பியூலாவுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். அந்தப் படம் வெளிச்சத்தில் மாட்டப்படும்வரை நான் பட்டது எனக்கும் கர்த்தருக்கும்தான் தெரியும். நுரையீரல் சுத்தமாக இருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் சோதனை செய்தார்கள். ஒருவருக்கும் தொற்றவில்லை. சகோதரர்களே, அற்புதம் என்ற வார்த்தையை நான் சிக்கனமாகத்தான் பயன்படுத்துவேன். இங்கே பயன்படுத்துகிறேன்.

எல்லாம் உடனே இனிமையாகிவிடவில்லை. ஞாயிறு பள்ளி வகுப்பை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். இரண்டு மாதம் பாஸ்டர் என்னோடு பேசவில்லை. திருவிருந்துக்கு வரிசையில் நின்றால் முன்னால் இருப்பவர்கள் கொஞ்சம் தள்ளி நிற்பார்கள். டி.பி. வந்தது எனக்கு என்பதுபோல. அம்மா மறுபடி தாம்பரத்துச் சபைகளின் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தாள். நான் போகவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் குளித்து, புடவை கட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு போய் அதே பாயில் உட்கார்ந்தேன். சபையை நேசிப்பது பாட்டுப் பாடும்போது வருகிற உருக்கம் என்று அதுவரை நினைத்திருந்தேன். பிடிக்காத ஞாயிற்றிலும் போய் உட்காருவது என்று அப்போதுதான் கற்றுக்கொண்டேன்.

நவம்பரில் ஒரு நாள் பாஸ்டர் சைக்கிளில் லேப்புக்கு வந்தார். மழையில் நனைந்திருந்தார். “அந்த மைக்ராஸ்கோப்புல நானும் ஒருதரம் பார்க்கலாமாம்மா?” என்றார். ஒரு ஸ்லைடை வைத்துக் காட்டினேன். நீண்ட நேரம் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது, “இவ்வளவு அழகா இருக்கே, இதுவா கொல்லுது?” என்றார். பிறகு, “நான் உன்கிட்ட பேசாம இருந்தது தப்பு” என்றார். இப்போது சாட்சி சொல்ல வருகிற ஒவ்வொருவரிடமும் அவர் முதலில் கேட்பது: “மருந்தை நிறுத்தலையே?”

எபினேசர் அண்ணன் ஒன்றரை வருஷ மருந்தையும் முழுக்க முடித்தார். மூன்று நாள், மூன்று சாம்பிள், மூன்றிலும் கிருமி இல்லை. இந்த முறை கையெழுத்துப் போட்டபோது என் கை உறுதியாக இருந்தது. அடுத்த சாட்சி ஞாயிறு அவர் முன்னால் வந்து இரண்டே வாக்கியம் சொன்னார்: “நான் மருந்து சாப்பிட்டேன். சாப்பிட வைத்தவர் கர்த்தர்.” சபை ஸ்தோத்திரம் சொன்னது, பழைய அளவு சத்தமில்லை. எனக்கு அது போதும்.

இதைப் படிக்கிற உங்களை ஒன்று கேட்கிறேன். உங்கள் சபையில் யாராவது சுகமானேன் என்று சொன்னால் மனம் நிறைந்து ஸ்தோத்திரம் சொல்லுங்கள். அடுத்த நாள் அவரோடு ஆஸ்பத்திரிக்கும் போங்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து போங்கள். முடிவு எதுவாக இருந்தாலும் அவரோடு திரும்பி வாருங்கள். உங்களுக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். நம் ஆண்டவர் நாம் கூட்டிச் சொல்லிப் பெரியவராக வேண்டியவர் இல்லை. அவரை நம்பி, உண்மையைச் சொல்லிப் பாருங்கள். நான் பயந்து நடுங்கிக்கொண்டுதான் சொன்னேன். அவர் என்னைக் கைவிடவில்லை.