மேடையில் நான் சொன்ன காரணம்

என் வலது கையில் கட்டைவிரலைத் தவிர மற்ற நான்கும் போய் ஏழு மாதம் ஆகியிருந்தபோது எனக்கு முதல் சால்வை போர்த்தினார்கள். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கல்யாண மண்டபம். மேடைக்குப் பின்னால் கட்டிய பேனரில் இடப்பக்கம் அரசாங்க முத்திரை, வலப்பக்கம் பாதுகாப்பு அதிகாரிகள் சங்கத்தின் சின்னம், நடுவில் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம். தலைவர்கள் பேசி முடிக்கும்வரை அந்தக் கைகளின் விரல்களைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அன்று தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகமும் சங்கமும் ஓர் ஒப்பந்தம் போட்டன. எங்கள் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரிதான் அந்தச் சங்கத்துக்குச் செயலாளர். காரில் போகும்போது எனக்குப் புரியும்படி எடுத்துச் சொன்னார். ஒரகடம் பக்கம் கம்பெனிகள் ஏராளம், ஆய்வாளர்கள் கொஞ்சம் பேர். இனி சங்கத்தில் இருக்கும் அதிகாரிகளே ஒருவர் கம்பெனியை மற்றவர் பார்த்து அறிக்கை கொடுப்பார்கள். திட்டத்தில் சேர்ந்த கம்பெனிக்கு ஆய்வாளர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்க மாட்டார். அதற்குப் பதிலாக அந்தக் கம்பெனி மாதாமாதம் விழிப்புணர்வுக் கூட்டம் நடத்த வேண்டும். கூட்டத்தில் பேச ஒரு ஆள் வேண்டும்.

"படம் போட்டுக் காட்டினா தூங்கிடறாங்கம்மா. உன் கைய பார்த்தா தூங்க மாட்டாங்க," என்றார்.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரண்டு முறை வந்தார். முதல் முறை ஆரஞ்சுப் பழத்தோடு, இரண்டாவது முறை ஒரு தாளோடு.

நடந்தது இதுதான். நான் ஓட்டியது பழைய பவர் பிரஸ். கார் கதவுக்கான தகடு வளைக்கும் மெஷின். அதில் இரண்டு பட்டன் உண்டு. இரண்டையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலிருந்து பாரம் இறங்கும். கை இரண்டும் பட்டனில் இருந்தால் உள்ளே இருக்க முடியாதல்லவா, அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. எங்கள் சூப்பர்வைசர் ஒரு பட்டனை அழுத்திப் பிடித்து டேப் சுற்றிவிட்டார். இடது கையால் மற்றதை அழுத்திக்கொண்டே வலது கையால் தகடு வைக்கலாம், டார்கெட் சீக்கிரம் முடியும். லைனில் இருந்த ஐந்து மெஷினும் அப்படித்தான் ஓடின. ஒரு தகடு கோணலாக உட்கார்ந்தது. அதைத் தட்டிவிடப் போனேன். இடது கை தன் வேலையைச் செய்துவிட்டது.

செயலாளர் கொண்டுவந்த தாளில், தொழிலாளி அவசரப்பட்டுக் கவனக்குறைவாகக் கையை உள்ளே விட்டதாக எழுதியிருந்தது. டேப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதில் நான் கையெழுத்துப் போட்டால் ஸ்டோரில் உட்கார்ந்த வேலை. போடாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்கும் ஒரகடத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அவர்தான் அதையும் சொன்னார்.

"கை போனது போச்சு. வேலயும் போச்சுன்னா இன்னா பண்ணுவ?"

இடது கையால் கோணல்மாணலாகப் போட்டேன். இடது கையால் நான் போட்ட முதல் கையெழுத்து அது.

மேடைப் பேச்சையும் செயலாளரே எழுதிக் கொடுத்தார். ஆய்வாளர் படித்துப் பார்த்து இரண்டு இடத்தில் திருத்தினார். "என் அவசரம்தான் என் விரல்களைத் தின்றது. கம்பெனி எல்லாப் பாதுகாப்பும் கொடுத்திருந்தது. நான்தான் கவனமாக இல்லை." இதுதான் அதன் நடுப்பகுதி. முதல் கூட்டத்தில் இந்த இடத்தில் என் குரல் உடைந்தது. பொய் சொல்கிறோம் என்ற பயத்தில் உடைந்தது. முன் வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள் அதைத் துக்கம் என்று நினைத்து அழுதார்கள். காரில் திரும்பும்போது, அந்த இடத்தில் அப்படியே உடைக்கச் சொன்னார் செயலாளர். கையை முதலிலேயே காட்ட வேண்டாம், துப்பட்டாவுக்குள் வைத்திரு, 'தின்றது' என்னும்போது எடு என்றும் சொல்லிக்கொடுத்தார்.

நான்கைந்து கூட்டத்துக்குப் பிறகு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. எங்கே நிறுத்த வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் தானாக வந்தது. சேரப்பணஞ்சேரியில் எங்கள் வீட்டுக் கொடியில் சால்வைகள் தொங்கின. எனக்கு அது பிடித்திருந்தது. அதை மறைத்து எழுதுவதில் அர்த்தமில்லை. பிரஸ் லைனில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள்கூடக் கிடையாது, மெஷின் நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். இப்போது மேனேஜர்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். "கை போனப்புறந்தான்டி உன்ன மனுசியா மதிக்கிறானுங்க," என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். எனக்குக் கோபம் வரவில்லை, ஏனென்றால் அது உண்மை.

மழைக்காலம் முடிந்த சமயம், ஒரகடத்தில் வேறொரு கம்பெனியில் கூட்டம். பேச்சு முடிந்ததும் ஆய்வாளரையும் செயலாளரையும் என்னையும் லைனைச் சுற்றிக்காட்ட அழைத்துப் போனார்கள். பிரஸ் ஷாப்புக்குள் நுழைந்தோம். மூன்றாவது மெஷினில் கறுப்பு டேப். ஒரு பட்டனை அழுத்திச் சுற்றியிருந்தார்கள். அதில் ஒரு பெண் வேலை செய்துகொண்டிருந்தாள். கொஞ்சம் முன்பு கூட்டத்தில் எனக்கு நேர் எதிரே உட்கார்ந்து அழுதவள். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கிறவள், என்னைவிட நாலைந்து வயது மூத்தவள் என்று பிறகு தெரிந்தது. என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கிப் பத்து விரலையும் ஆட்டிக் காட்டினாள். பத்திரமாக இருக்கிறேன் என்று அர்த்தம்.

நான் ஆய்வாளர் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னேன்.

"சார், அந்த மெஷின்ல பட்டன்ல டேப் சுத்திக்கீது சார். எனக்கும் அப்படித்தான் சார்."

அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. சுவரில் எழுதியிருந்த வாசகத்தைப் படிக்கிறவர் போல நின்றார்.

"நான் பார்த்தா எழுதணும்மா. எழுதினா நாளைக்கு ஒரு கம்பெனியும் இந்தத் திட்டத்துல இருக்காது. இன்னிக்கு நான் விருந்தாளி. உங்க செயலாளர்கிட்ட சொல்லிடறேன், அவங்க பார்த்துப்பாங்க."

செயலாளரிடம் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை. அந்தப் பெண்ணிடம் இரண்டடி நடந்து போய் டேப்பைப் பிய்த்து எறியச் சொல்லியிருக்கலாம். சாப்பாடு தயார் என்று கூப்பிட்டார்கள், போய்விட்டேன். அன்று பிரியாணி.

ஒன்றரை மாதத்தில் அவள் கை போனது. மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே.

செயலாளர் என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். "நீ சொன்னா கேப்பாம்மா, அனுபவப்பட்டவ நீ," என்றார். அவர் கையில் தாள் இருந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு என்னை மட்டும் உள்ளே அனுப்பினார். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, என்னிடம் சொன்னதையெல்லாம் அவளிடம் சொன்னேன். உட்கார்ந்த வேலை கிடைக்கும், மேடையில் பேசலாம், நாலு பேர் மதிப்பார்கள், ஒரு கையெழுத்துத்தான். அவள் கூரையைப் பார்த்தபடி கேட்டாள். பிறகு, உனக்கும் டேப் சுற்றித்தான் இருந்ததா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

"அன்னைக்கு நீ அதச் சொல்லலியேம்மா. அவசரப்பட்டேன்னுல்லா சொன்ன. நான் நம்பிட்டேன். இந்தப் பிள்ளைக்குக் கவனம் பத்தாது, நாம பாத்து வேல செஞ்சா நமக்கு ஒண்ணும் வராதுன்னு நெனச்சேன். நல்லாப் பாத்துத்தான் வச்சேன் தெரியுமா. பாத்துக்கிட்டே இருக்கும்போதுதான் எறங்குச்சு."

அவள் குரலில் கோபமே இல்லை. நான் அக்கா என்று ஆரம்பித்தேன், அவள் பேச விடவில்லை.

"நான் எழுத மாட்டேன். நீ எழுதினியேன்னு இன்னொருத்தி எழுதுவா. நான் எழுதினேன்னு அடுத்தவ எழுதுவா. எங்கூட லைன்ல நின்ன ரெண்டு பேரு டேப்ப பாத்திருக்காவ. சொல்லுதேன்னு சொல்லியிருக்காவ. நான் கலெக்டர் ஆபீசுக்கு மனு போடப் போறேன்."

வெளியே வந்தேன். என்ன சொன்னாள் என்று செயலாளர் கேட்டார். யோசிக்க நேரம் வேண்டும் என்கிறாள் என்று சொல்லியிருக்கலாம். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மனு போடப் போவதை, இரண்டு பேர் சாட்சி சொல்லத் தயாராக இருப்பதை, அவர்கள் யாராக இருக்கும் என்பதையும். கூட்டத்தன்று அவளுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தவர்கள் என் நினைவில் இருந்தார்கள்.

வேலை போய்விடும் என்ற பயத்தில் சொன்னேன் என்றுதான் பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். அவள் மாட்டேன் என்றது எனக்குப் பொறுக்கவில்லை. நான் தலையாட்டியதற்கு அவளும் தலையாட்டினால் என்ன? இவள் மட்டும் எப்படி நிமிர்ந்து படுத்திருக்கிறாள்? ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபோது என் மனதில் ஓடியது இதுதான். எரிச்சல்.

சாட்சி சொல்வதாக இருந்த இருவரும் ஒப்பந்த ஆட்கள். அந்த வாரமே இனி வர வேண்டாம் என்று ஏஜென்சியிலிருந்து போன் வந்துவிட்டது. ஹாஸ்டலையும் காலி செய்யச் சொல்லி, அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். மெஷினுக்குப் புதுப் பட்டன் வந்தது, பெயிண்ட் அடித்தார்கள். மனு கலெக்டர் ஆபீசிலிருந்து ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போனது. ஒப்பந்தப்படி முதல் விசாரணையைச் சங்கம்தான் செய்ய வேண்டும். எங்கள் செயலாளரே செய்தார்.

அறிக்கையை நான் பார்த்தேன். ஸ்டோரில் ஜெராக்ஸ் மெஷின் என் பக்கத்தில்தான் இருந்தது, பிரதி எடுக்கக் கொடுத்ததே என்னிடம்தான். காரணம், தொழிலாளியின் கவனக்குறைவு. இணைப்பாக ஒரு தாள் வைத்திருந்தார்கள். விழிப்புணர்வுக் கூட்டத்தின் வருகைப் பட்டியல். என் பேச்சைக் கேட்டதற்கு அத்தாட்சியாக அவள் போட்ட கையெழுத்துக்குக் கீழே சிவப்பு மையால் கோடு போட்டிருந்தது. இந்த வகை விபத்தைப் பற்றி நேரடியாக எச்சரிக்கப்பட்டும் தொழிலாளி அலட்சியமாக இருந்ததாக எழுதியிருந்தார்கள். நான்கு பிரதி எடுத்து, பின் அடித்துக் கொடுத்தேன்.

ஊருக்குப் போவதற்கு முன்னால் அவள் என் வீட்டுக்கு வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொரு மணி இருக்கும். வழி விசாரித்துக்கொண்டு தனியாக வந்திருந்தாள். எல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் முன்னால் கத்தப்போகிறாள் என்று கதவைச் சாத்தினேன். அவள் தரையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டுக் குடித்தாள். பிறகு, கூச்சத்தோடு, தலையை ஒரு கையால் எப்படிப் பின்னிக்கொள்கிறாய் என்று கேட்டாள். ஊரில் அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது, தினமும் பின்னிவிட ஆள் இல்லை. ஜாக்கெட் கொக்கி எப்படிப் போடுவது என்றும் தெரிய வேண்டும்.

எனக்காவது கட்டைவிரல் இருந்தது, உள்ளங்கை இருந்தது. அவளுக்கு அதுவும் இல்லை. இருந்தாலும் முயன்றோம். முடியை மூன்றாகப் பிரித்து ஒன்றைப் பல்லால் கடித்துக்கொள்ளச் சொன்னேன். வரவில்லை. கடைசியில் ஒற்றைக் கையால் சுருட்டிக் கொண்டையாக்கிப் பெரிய கிளிப் போடப் பழக்கினேன். கொக்கிக்குப் பதில் ஒட்டும் பட்டை தைத்துக்கொள்ளச் சொன்னேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கொண்டை நின்றதும் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தாள்.

"அந்த ரெண்டு பேரையும் யாரோ காட்டிக் கொடுத்துட்டாவ. ஹாஸ்டல் வார்டன்தான்னு நெனைக்கேன். அவ நல்லா இருக்க மாட்டா," என்றாள்.

அது நான்தான் என்று சொல்லவில்லை. ஆமாம் என்பதுபோலத் தலையை அசைத்தேனோ என்றுகூட இப்போது தோன்றுகிறது. போகும்போது என் கன்னத்தைத் தொட்டு, நீ நல்லா இருக்கணும்மா என்றாள். வீட்டுக்காரரை ஸ்டேஷன்வரை ஆட்டோவில் கொண்டுபோய் விடச் சொன்னேன். அதற்குப் பிறகு இரண்டு முறை போன் செய்தாள். எடுக்கவில்லை.

அந்த வருடக் கடைசியில், ஒவ்வொரு கம்பெனிக்கும் அலைய வேண்டாம் என்று என் பேச்சைப் படம் பிடித்தார்கள். பின்னால் நீலத் துணி, கீழே இரண்டு சின்னங்கள். ஒரே தடவையில் சரியாக வந்தது. நடுவில் குரலை உடைத்தேன். அதன் பிறகு என்னை யாரும் மேடைக்குக் கூப்பிடவில்லை, சால்வையும் நின்றது. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு முதல் நாள் அந்தப் படத்தைப் போடுகிறார்கள்.

ஒருநாள் செயலாளரிடம் போய், கம்பெனி எல்லாப் பாதுகாப்பும் கொடுத்திருந்தது என்ற வரியை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். டேப்பைப் பற்றிச் சொல்ல வேண்டாம், அந்த ஒரு வரியை மட்டும். அவர் என்னை உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். துறை ஒப்புதல் கொடுத்த படம், சங்கம் நினைத்தாலும் ஒரு வார்த்தை மாற்ற முடியாது என்று விளக்கினார். ஆய்வாளர் அலுவலகத்தில் கேட்டேன். படம் சங்கத்துடையது, அவர்களைத்தான் கேட்க வேண்டும் என்றார்கள்.

போன வருடம் வேலையை விட்டுவிட்டேன். இப்போது ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன். கடைக்கு வரும் பெண்களில் சிலர் என் கையைப் பார்த்துவிட்டு முகத்தைப் பார்ப்பார்கள். நீங்கதானே அந்த வீடியோல வர்றது என்று கேட்பார்கள். ஆமாம் என்பேன். பார்த்து அழுதோம்க்கா, அப்புறம் ரொம்ப ஜாக்கிரதையா வேலை செய்றோம் என்பார்கள். உங்கள் மெஷினில் இரண்டு பட்டனும் வேலை செய்கிறதா என்று கேட்கிறேன். சிலர் கேள்வி புரியாமல் பார்க்கிறார்கள். சிலர் சிரித்துவிட்டு, அது எப்பவுமே டேப் போட்டுத்தான்க்கா இருக்கும் என்று சொல்லிப் பையை வாங்கிக்கொண்டு போகிறார்கள்.