கன்டர்பரிக்கு ஏழு பொதிகளுடன்

பாரிசின் லா சப்பலில் இருந்து இங்கிலாந்துக்குப் புறப்படுவது ஒன்றும் பெரிய தூரமில்லை. பெர்தோனே வீதியில் நான் குடியிருந்த அறையின் படியிறங்கி, ஃபோபூர் சென் டெனி வீதியில் திரும்பி நடந்தால் ஏழாவது நிமிடத்தில் கார் து நோர் ரெயில் நிலையம். கலேத் துறைமுகத்துக்குப் போகும் ரெயில்கள் அங்கிருந்துதான் கிளம்பும். அந்தப் பகுதித் தமிழர்களான எங்களில் பலர் நாளுக்கு நாலு தடவை அந்த நிலையத்தைக் கடந்து வேலைக்குப் போய் வருவோம். அங்கே இங்கிலாந்துக்கு ரெயிலேறியவர்கள் மிகக் குறைவு. ஆகவே நான் போய் வந்ததை எழுதி வைக்கிறேன். என் புத்திசாலித்தனத்தையும் முட்டாள்தனத்தையும் இரண்டையும் எழுதுகிறேன்.

எண்பத்தைந்தாம் ஆண்டு வசந்தகாலம். என் தங்கை வசந்தி லண்டனில் இருந்தாள். அவளுடைய அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரவில்லை; வெளியே கால் வைத்தால் திரும்ப நுழைய முடியாது. இதற்கிடையில் கடிதங்கள் மூலமாகவே அவளுக்கு டொரொன்டோவில் கலியாணம் பேசி முடிந்தது. கனடா விசாவும் வந்தது. பயணத்துக்குப் பத்து நாள் இருந்தபோது எனக்கு எழுதினாள்: ஒருமுறை கண்ணால் காணாமல் விமானம் ஏறமாட்டேன் என்று.

அப்பா இல்லை. அம்மா யாழ்ப்பாணத்தில், சாவகச்சேரியில். எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை வாசலுக்கு வந்ததும் அவர் காலைக் கழுவி உள்ளே அழைப்பவன் பெண்ணின் சகோதரன். கழுவினவனுக்கு மாப்பிள்ளை ஒரு மோதிரம் போடுவார். வசந்திக்கு நான் ஒருவன்தான் அண்ணன். கனடாத் தூதரகத்தில் இரண்டு தடவை வரிசையில் நின்று பார்த்தேன். இரண்டு தடவையும் முடியாது என்றார்கள். கலியாணத்துக்குத்தான் வழியில்லை, கலியாணப் பெண்ணையாவது பார்ப்போம் என்று தீர்மானித்தேன். நாலு வருடத்துக்கு முன் சாவகச்சேரி ரெயில் மேடையில் கையசைத்து நின்றதுதான் நான் கடைசியாகக் கண்ட வசந்தி.

அந்த நிலையத்தில் நான் சீட்டுக் கொடுக்கும் கிளார்க்காக இருந்தவன். பாரிசில் உணவகமொன்றில் கோப்பை கழுவினாலும் லா சப்பலில் என்னை ரெயில் அண்ணை என்றுதான் கூப்பிடுவார்கள். பகிடிதான், ஆனால் எனக்கு அதில் பெருமை உண்டு. மூன்று நாள் மாலை கார் து நோரின் விசாரணை மேசையில் போய் நின்று அந்தப் பெண்ணின் பொறுமையைத் தின்று தீர்த்தேன். லண்டன் வரை போய்வர ஐந்நூற்று இருபது பிராங்க். டோவர் துறைமுகம் வரை மட்டும் போய் இரண்டு நாளுக்குள் திரும்பும் சலுகைச் சீட்டு இருநூற்றெண்பது. டோவரில் இருந்து இருபத்தைந்து கிலோமீற்றரில் கன்டர்பரி என்ற பழைய நகரம் இருக்கிறது. ரெயிலில் அரை மணிக்கும் குறைவு. லண்டனில் இருந்து வசந்திக்கும் ஒருநாள் மலிவுச் சீட்டு உண்டு. இடத்தைத் தெரிந்தெடுத்தவள் அவள்தான். கன்டர்பரியில் பேராலயத்தின் கோபுரம் எங்கே நின்றாலும் தெரியுமாம். ஊர் தெரியாத இரண்டு பேர் ஒருவரையொருவர் தவறவிட முடியாதாம். உள்ளே போகக் காசும் இல்லையாம். எனக்கு அந்த மூன்றாவது காரணம் மிகவும் பிடித்தது.

கட்டம் போட்ட தாளில் அட்டவணை எழுதினேன். பிரான்ஸ் நேரம் ஒரு பக்கம், ஒரு மணி பிந்திய இங்கிலாந்து நேரம் மறுபக்கம். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது எது என்றும் எழுதினேன். பேராலயத்தின் பெரிய வாயிலுக்குள்ளே பிற்பகல் ஒன்றரை. மாலை ஐந்தே முக்காலுக்குச் சற்று முன் நான் திரும்பும் ரெயில். நாலு மணித்தியாலம் பேசலாம். பிரதியெடுத்து அவளுக்கும் அனுப்பினேன்.

அந்தத் தாளில் நான் எழுதாமல் விட்டது எங்கள் ஆட்களை.

பயணத்துக்கு முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை. மசாலாக் கடையில் ஒரேயொருவரிடம் வாய்விட்டேன். மாலை ஆவதற்குள் என் அறையில் பொதிகள் வந்து இறங்கின. மகளின் குழந்தைக்கு ஓமத் தண்ணீர். மருமகளுக்கு மர இடியப்ப உரல். ஈரப் பேப்பரில் சுற்றிய கறிவேப்பிலை. மூன்று கிலோ மிளகாய்த் தூள். கம்பளிச் சட்டை. கூழ் காய்ச்ச ஒடியல் மா இரண்டு கிலோ. நான் லண்டனுக்குப் போகவில்லை, ஒரு நகரத்தில் நாலு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்புகிறேன் என்று ஒவ்வொருவருக்கும் சொன்னேன். ஒடியல் மாவைக் கொண்டுவந்தவர் ரீத்தாக்கா. மன்னார்க்காரி, புறநகரான பியர்ஃபித்தில் இருந்து ஞாயிறு தோறும் சாமான் வாங்க வருபவர். அவருடைய மகன் லண்டனில்.

"நீங்கள் லண்டனுக்குப் போகேல்லை எண்டு தெரியும் தம்பி," என்றார். "உங்கட தங்கச்சி அங்கைதானே திரும்பிப் போகும்?"

அவருடைய கையிலும் வெளியே போக முடியாத கடதாசிதான். இரண்டு வருடமாக மகனைக் காணவில்லை. வாங்கினேன். அவரே என் அறையில் உட்கார்ந்து எல்லாப் பொதிகளையும் பிரித்து, வெள்ளை நூலால் இறுக்கிக் கட்டிப் பெட்டியில் அடுக்கினார். ஏழாவது பொதி என்னுடையது: கொழும்பிலிருந்து வந்த ஒருவரிடம் அம்மா கொடுத்துவிட்ட அரக்குச் சேலை. பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன். தோள் கழன்றுவிடும் போலிருந்தது.

திங்கட்கிழமை காலை 7.25. ரெயில் சொன்ன நிமிடத்தில் நகர்ந்தது. அதைக் கண்டதும் எனக்கு மனம் குளிர்ந்தது. அமியான் தாண்டியதும் வயல்கள். பிறகு அபேவில், பூலோன், எட்டிப் பார்த்துவிட்டு ஒளியும் கடல். எதிரே இருந்த பிரெஞ்சுக் கிழவர் மேலே இருந்த என் பெட்டியைப் பல தடவை பார்த்தார். குலுங்கும்போதெல்லாம் மிளகாய் மணம் இறங்கிக்கொண்டிருந்தது. இங்கிலாந்தில் கடை போடப் போகிறீரா என்று கேட்டார். தங்கையைப் பார்த்துவிட்டு இன்றே திரும்புகிறேன் என்றேன். அவர் மரியாதைக்குத் தலையாட்டினார், நம்பவில்லை. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

11.30. கலேயில் கப்பல். நாற்பது கிலோமீற்றர் கடல், ஒன்றரை மணி நேரம். மேல்தளத்தில் காற்று காதைப் பிய்த்தது. டோவரின் வெள்ளைப் பாறைகளைப் பற்றிப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நீலம் போடாமல் தோய்த்த வேட்டி போல ஒரு வெள்ளை, அவ்வளவுதான். ஆனால் அதற்கப்பால் வசந்தி ரெயிலில் வந்துகொண்டிருப்பாள் என்று நினைத்ததும் அந்தப் பாறை எனக்கு அழகாகிவிட்டது.

இங்கிலாந்து நேரம் 12.05. குடிவரவு மேசையில் கண்ணாடி போட்ட, ஐம்பது வயது மதிக்கத்தக்க அதிகாரி. பிரான்ஸ் கொடுத்த என் நீல அகதிப் பயணப் புத்தகத்தைப் புரட்டினார். அந்தப் புத்தகத்துக்கு அப்போது விசா வேண்டியதில்லை. எவ்வளவு நேரம் தங்குகிறீர் என்றார். ஆறேழு மணி நேரம் என்றேன். அவர் எட்டி என் பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பக்கத்து அறைக்கு வரும்படி மிகவும் பணிவாகச் சொன்னார்.

ரீத்தாக்காவின் முடிச்சுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. ஒவ்வொரு பொதியிலும் தமிழில் பெயரும் விலாசமும் புத்திமதியும் எழுதிய துண்டு. எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டினேன். இரவில் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு படு. குழந்தைக்குத் தேக்கரண்டியில் அரைவாசி மட்டும். இடியப்ப உரலின் துளைகளுக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார் இன்னொரு அதிகாரி. நூடில்ஸ் மாதிரி ஒன்று செய்வது என்று கையைக் காட்டி விளக்கினேன். அதுவரை பரவாயில்லை. ஒடியல் மாவைக் கண்டதும் அவர்கள் முகம் மாறியது. பிளாஸ்டிக் பையில், கடைப்பெயர் இல்லாத, மங்கிய மா. பனங்கிழங்கைப் பிளந்து காயவைத்து இடித்தது என்று சொல்ல எனக்கு ஆங்கிலம் இருந்தால் என்ன, அவர் பனையைக் கண்டிருக்க வேண்டுமே. மாவைப் பரிசோதனைக்குக் கொண்டுபோனார்கள்.

சுவரில் பெரிய மணிக்கூடு. 12.50 ரெயில் போனது. அட்டவணையை எடுத்து அதைக் கோடிட்டு வெட்டினேன். இரண்டாம் தெரிவு, 1.40, அதையும் வெட்டினேன். வசந்தி வாயிலில் வந்து நின்றிருப்பாள். முதலில் ரீத்தாக்கா மேல் கோபம் வந்தது. பிறகு லா சப்பல் முழுவதன் மேலும். பிறகு, வாங்க முடியாது என்ற இரண்டு சொல்லைச் சொல்லத் தெரியாத என் மேல். எனக்குத் தொலைபேசி செய்ய இலக்கம் இல்லை, சொல்லியனுப்ப ஆள் இல்லை. இருபத்தெட்டு வயது ஆண்பிள்ளை அந்த அறையின் மர வாங்கில் இருந்து அழுதேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

மூன்று மணிக்குப் பிறகு கண்ணாடிக்காரர் திரும்பி வந்தார். ஆறு மணி நேரத்துக்கு வருபவன் யாராவது இத்தனையும் கொண்டுவருவானா என்று கேட்டார். உண்மையாகத் தெரிந்துகொள்ளவே கேட்டார் என்று தோன்றியது.

"இதைத் தந்த யாராலும் இங்கே வர முடியாது," என்றேன். "அதனால்தான் தந்துவிடுகிறார்கள்."

அவர் என் அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். வெட்டிய கோடுகளையும் பார்த்தார். பெட்டி இங்கே இருக்கட்டும், கப்பலேறும்போது எடுத்துக்கொண்டு போம் என்று தீர்ப்புச் சொன்னார். ஒரு பொதியை மட்டும் கொண்டு போகலாம். அம்மாவின் சேலைப் பொதியைத் திரும்ப நூலால் கட்டி எடுத்துக்கொண்டு ஓடினேன்.

4.10 ரெயில். 4.35க்குக் கன்டர்பரி. நிலையத்தைத் தாண்டியதும் பழைய கோட்டை மதில், அதன்மேல் மனிதர்கள் உலாவுகிறார்கள். உள்ளே ஒடுக்கமான தெருக்கள். மரச்சட்டம் போட்ட வீடுகள், மேல்மாடி தெருவுக்குள் குனிந்தபடி. நகரத்தைப் பார்த்தேன் என்று சொன்னால் பொய். கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே ஓடினேன், நாலு பேரை இடித்தேன். வசந்தி எழுதியது சரி. அதைத் தவறவிட முடியாது.

வாயிலுக்குள்ளே புல்தரையோரம் ஒரு வாங்கில் இருந்தாள். நீலக் குளிர்ச்சட்டை. மடியில் சாப்பாட்டுப் பெட்டி, மூடி திறக்கவேயில்லை. என்னைக் கண்டதும் எழுந்து நின்று என் அட்டவணையின் பிரதியை நீட்டினாள்.

"ரெயில்காரர் எண்டு பேர்தான். மூண்டு மணித்தியாலம் பிந்தி வாறியள்."

அதற்குப் பிறகுதான் அழுதாள். பக்கத்தில் நின்ற உல்லாசப் பயணிகள் நல்ல மனிதர்கள், கோபுரத்தைப் பார்ப்பது போல் திரும்பிக்கொண்டார்கள்.

முப்பத்தைந்து நிமிடம் இருந்தது. புட்டும் முட்டைப்பொரியலும் சாப்பிட்டோம். நாலு மணித்தியாலத்துக்கு என்று சேர்த்து வைத்த கதைகளில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. புட்டுக்கு உப்புக் காணாது என்றேன். குளிருக்குக் காதை மூடுங்கோ என்றாள். சேலைப் பொதியை மடியில் வைத்து, நூலை அறுக்காமல் முடிச்சைப் பொறுமையாக அவிழ்த்தாள். சேலையை முகத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மடித்து வைத்தாள். பிறகு அந்த வெள்ளை நூலைக் கையில் எடுத்தபடி, மாப்பிள்ளையின் சிநேகிதர் ஒருவர் என் இடத்தில் தோழனாக நின்று கால் கழுவுவார் என்று சொன்னாள். நான் ஓம் என்றேன்.

"கையைத் தாங்கோ," என்றாள். என் மோதிர விரலில் நூலைச் சுற்றி, சந்திக்கும் இடத்தில் முடிச்சுப் போட்டு, மிச்சத்தைப் பல்லால் கடித்து அறுத்தாள். "உங்கட அளவுக்குத்தான் மோதிரம் செய்யச் சொல்லப்போறன். அங்கை ஆர் நிண்டாலும் அவருக்கு அது கொள்ளக்கூடாது."

நூல் வளையத்தைக் கழற்றித் தன் கைப்பையில் வைத்தாள். ஒரே நிலையத்தின் எதிரெதிர் மேடைகளில் நின்றோம். என் ரெயில் முதலில் வந்தது. இந்தத் தடவையும் கையசைத்துக்கொண்டு மேடையில் நின்றவள் அவள்தான்.

டோவரில் பெட்டி பத்திரமாக இருந்தது. ஒடியல் மாவும் முத்திரை ஒட்டித் திரும்ப வந்திருந்தது. செவ்வாய்க்கிழமை பொதிகளை உரியவர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒருவரும் முகம் கோணவில்லை. அதுதான் எனக்கு இன்னும் சங்கடம். ரீத்தாக்கா மாவை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, தங்கச்சியைக் கண்டீர்களா என்றுதான் கேட்டார். கண்டேன் என்றேன். அப்ப சரி என்றார்.

ஆவணியில் கலியாணப் படம் வந்தது. தோழனாக நின்றவர் நல்ல பருமனான மனிதர், பாவம். மாப்பிள்ளை போட்ட மோதிரம் அவருடைய விரலின் நடுமூட்டில் தடக்கி நிற்கிறது. வசந்தி மட்டும் நேரே படக்கருவியைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

மாரி தொடங்கும்போது, டொரொன்டோவில் இருந்து பாரிசுக்கு வந்த முன்பின் தெரியாத ஒருவர் லா சப்பலில் என்னை விசாரித்துக்கொண்டு வந்தார். இரண்டு கைகளிலும் பைகள். யார் யாருக்கோ பொதிகள். களைத்துப்போயிருந்தார். விமான நிலையத்தில் எல்லாவற்றையும் கொட்டிப் பார்த்துவிட்டார்களாம், இரண்டு மணி நேரம் போயிற்றாம். இனிமேல் ஒருவரிடமும் ஒன்றும் வாங்குவதில்லை என்று திட்டியபடியே தீப்பெட்டி அளவு ஒரு பொதியை எடுத்துத் தந்தார். வெள்ளை நூலால் கட்டியிருந்தது. அவரை இருத்தித் தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டுப் பிரித்தேன். மோதிரம் அளவாக இருந்தது.