வெட்டிய இடத்தின் விளிம்பு

நோர்வேயில் நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்தில் பேராசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். சேர் என்ற மரியாதைச் சொல் வாயில் வந்துவிட்டால் மனிதர் உண்மையாகவே சங்கடப்படுவார். எலிகளுக்கு மட்டும் பெயர் வைக்கக்கூடாது. வைத்தால் பிறகு கை நடுங்கும் என்று முதல் கிழமையே சொல்லித் தந்தார்கள். வருடங்கள் போயும் இரண்டுமே எனக்குப் பழகவில்லை. ஹோக்கன் என்று கூப்பிடும்போது நாக்குத் தயங்கும். கூட்டைத் திறக்கும்போது ஏதோ ஒரு பெயர் மனதுக்குள் வந்துவிடும்.

எங்கள் வேலை இதுதான். புற்றுக்கட்டி, சுற்றியுள்ள தசையை அரித்துப் பரவுவதற்குச் சில நொதியங்களைச் சுரக்கிறது. நாங்கள் பெப்டைட்டு எனப்படும் சிறு புரதத் துண்டில் ஒளிரும் சாயம் ஒன்றைக் கட்டி, அது ஒளிராதபடி அணைத்து வைத்திருப்போம். ஊசியால் உடம்புக்குள் போன துண்டை அந்த நொதியம் வெட்டினால் மட்டும் சாயம் விடுபட்டு ஒளிரும். இருட்டுப் பெட்டிக்குள் இருக்கும் கமெரா அதைப் பிடித்துத் திரையில் காட்டும்.

போரால் யாழ்ப்பாணத்துக்கான தரைப்பாதை மூடப்பட்ட மறுவருடம், தீவிலிருக்கும் எங்கள் ஊரான கரம்பொனிலிருந்து அண்ணன் அழைத்தார். கடலுக்குப் போகிறவர், அதிகம் பேசமாட்டார்.

“வாய்க்குள்ளை ஒரு கட்டி. வெட்டி எடுத்தாச்சு. நீ பயப்பிடாதை.”

கழுத்திலும் வெட்டியிருந்தார்கள். காதடியிலிருந்து நாடிவரை தழும்பு. கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் எடுத்தாயிற்று, ஆனாலும் கொழும்புக்குப் போய்க் கதிர்ச்சிகிச்சை எடுக்கத்தான் வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார்.

“நான் போகமாட்டன்,” என்றார் அண்ணன்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. நான் ஊரைவிட்டு வெளிக்கிடுவதற்கு முதல் வருடம், கரையில் மறித்த கடற்படையினர் அவரது சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். படகுக் கயிறு இழுத்துக் காய்த்த தோளைப் பார்த்து, துவக்குச் சுமந்த போராளியின் தோள் என்று கொண்டுபோனார்கள். திரும்பி வந்தபின் வெகுநாள் அவர் அம்மாவுடன்கூடப் பேசவில்லை. கயிற்றுக் காய்ப்புக்கே அப்படியென்றால், கழுத்தில் இப்படியொரு வெட்டுக் காயத்தோடு எப்படிக் காவலரண்களைத் தாண்டுவது? கொழும்பில் ஆட்களை வெள்ளை வான் வண்டியில் கடத்திக்கொண்டு போய்க்கொண்டிருந்த காலம். போகாதேயுங்கோ என்று சொல்லத்தான் நானும் நினைத்திருந்தேன்.

அந்தக் கிழமை எங்கள் சத்திரசிகிச்சை நிபுணர் இங்க்ரிட் ஒரு எலியின் கட்டியை வெட்டி எடுத்தார். கைதேர்ந்தவர். காயம் சுத்தமாக இருந்தது. நானும் குனிந்து பார்த்தேன், ஒன்றுமில்லை. எலியைப் பெட்டிக்குள் வைத்துக் கமெராவைப் போட்டோம். வெட்டிய இடத்தின் விளிம்பில் மணல் அளவுக்கு ஒரு புள்ளி எரிந்தது. எல்லோருக்கும் சந்தோசம், சாயம் வேலை செய்கிறது அல்லவா. ஹோக்கன் என் தோளில் தட்டினார். திரையில் இருந்தது எனக்கு எலியாகத் தெரியவில்லை. அண்ணனின் கழுத்தாகத் தெரிந்தது.

இங்க்ரிட் என் முகத்தைக் கவனித்துவிட்டு என்னவென்று கேட்டார். அண்ணனைப் பற்றிச் சொன்னேன்.

“கொழும்பு அதே நாட்டில்தானே இருக்கிறது?”

“பாதை மூடியிருக்கிறது.”

“எப்போது துப்புரவாக்கித் திறப்பார்கள்?” என்று உண்மையான கவலையோடு கேட்டார். இங்கே பாதை மூடுவது பனிக்கு. வாகனம் வந்து வழித்தால் பின்னேரம் திறந்துவிடும். நான் கூடு கழுவப் போனேன்.

மறுநாள் அண்ணனை அழைத்தேன்.

“அண்ணை, நீங்கள் போகத்தான் வேணும். கண்ணுக்குத் தெரியாமல் மிச்சம் இருந்தால் திரும்ப வரும். நான் பாத்தனான்.”

“எங்கை பாத்தனி?”

“எலியிலை.”

“அப்ப அந்த மருந்திலை கொஞ்சம் அனுப்பன். இஞ்சை வைச்சே பாப்பம்.”

“மனிசருக்கு இன்னும் ஏத்தேலாது அண்ணை. ஏத்தினாலும் அது காட்டத்தான் செய்யும், வருத்தத்தை மாத்தாது.”

“போற வழியிலை என்னைப் பிடிச்சா?”

“போங்கோ,” என்று மட்டும் சொன்னேன்.

படையினரிடம் பயண அனுமதிப் பாஸ் எடுத்துக் கப்பலில் போனார். சிகிச்சை தொடங்கிச் சில நாட்களில் அவரது தொலைபேசி ஓய்ந்தது. அவர் தங்கியிருந்த லொட்ஜைச் சுற்றிவளைத்து, தழும்பைக் கண்டு பொலிஸ் கொண்டுபோய்விட்டது என்று அண்ணி ஊரிலிருந்து சொன்னா.

“நீர் சொல்லித்தானே போனவர்,” என்றா. குரலில் கோபம்கூட இல்லை.

அதன் பிறகு தொலைபேசி அடித்தால் எடுக்கப் பயம். அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். வேலையில் ஊசி ஏற்றும்போது கை நடுங்க, இங்க்ரிட் ஊசியை வாங்கித் தானே ஏற்றினார். அண்ணன் இனி இல்லை என்று நினைத்துப் பார்த்து, அப்படி நினைத்ததற்காகவே என்னைத் திட்டிக்கொண்டேன்.

அவரைத் தேடியது ஆஸ்பத்திரிதான். சிகிச்சைக்கு வராத நோயாளி எங்கே என்று விசாரித்த ஒரு சிங்கள நேர்ஸ், பொலிஸ் நிலையத்துக்கு நேரில் போயிருக்கிறா. அண்ணனின் கழுத்தில் கதிர் படவேண்டிய இடத்துக்கு மையால் கீறியிருந்த கோடுகளைக் காட்டி, “இது நாங்கள் போட்ட அடையாளம். இவர் எங்களுடைய நோயாளி,” என்றிருக்கிறா. விட்டுவிட்டார்கள். அண்ணன் சிகிச்சையை முடித்தார். ஊர் திரும்ப அனுமதி கிடைக்க மாதக்கணக்காயிற்று. கட்டி இன்றுவரை திரும்பவில்லை. ஆனாலும் தொலைபேசியில் அவர் தொண்டையைச் செருமினால், எத்தனை நாளாய் என்று கேட்டுவிடுவேன்.

போர் முடிந்த வருடக் கடைசியில் ஊருக்குப் போனேன். அண்ணன் யாழ்ப்பாணம் வரை வந்து என்னைக் கூட்டிப் போனார். தீவுக்குப் போகும் பண்ணைப் பாலத்தடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். அண்ணனின் அடையாள அட்டையைப் பார்த்து உடனே விட்டுவிட்டார்கள். எனது கடவுச்சீட்டு வெளிநாட்டுடையது என்பதால் என்னை மறித்தார்கள். அண்ணன் தடைக்கு அப்பால் போய்த் திரும்பி நின்றார்.

“எந்த இடம்?” என்று ஓர் இளம் சிப்பாய் உடைந்த தமிழில் என்னிடம் கேட்டான்.

“நோர்வே,” என்றேன். அதே கணத்தில் தடைக்கு அப்பாலிருந்து அண்ணன், “கரம்பொன்,” என்றார்.

சிப்பாய் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு மறுபடியும் என்னிடமே கேட்டான்.