கோள்களை வலம் வந்தவர்கள்

அன்று திண்டிவனத்து பிரௌசிங் சென்டரில் அம்மா, அப்பாவின் அக்காவான அத்தை, பிளஸ் டூ படிக்கும் தங்கை மூவரும் என்னோடு இருந்தார்கள். அப்பா இல்லை. மல்லாட்டை மூட்டைகளை, அதாவது வேர்க்கடலையை, விற்க விழுப்புரம் போயிருந்தார். அவர் இல்லாததும் நல்லதுக்குத்தான். இருந்திருந்தால் எனக்குப் பேச்சே வந்திருக்காது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இயற்பியல் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். இணையத்திலேயே கட்டிய அறிவியல் காட்சியகம் ஒன்றில், வருகிறவர்களுக்குத் தமிழில் சுற்றிக்காட்ட ஆள் கேட்டிருந்தார்கள். பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு பொம்மை உருவம் எடுத்துக்கொண்டு திரைக்குள் நடப்பார்கள், பறக்கவும் செய்யலாம். வேலைக்கு ஒரு சோதனை உண்டு. காட்சியகத்தை இதுவரை பார்த்திராத மூன்று பேரை நான் உள்ளே கூட்டிப்போக வேண்டும். கடைசிக் கூடம் வரை அவர்களாகவே நிற்க வேண்டும். பாதியில் ஒருவர் வெளியேறினாலும் வேலை இல்லை. சோதிக்கிற மேடம் வெள்ளை உருவமாக மேலே மிதந்துகொண்டு, பேசாமல் பார்ப்பார்.

எங்கள் ஊர் கிளியனூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வரும்போதே அத்தைக்கு அம்புக்குறிப் பொத்தான்களைச் சொல்லிக் கொடுத்தாயிற்று. முதல் கூடத்தில் எரிமலை. அம்மா நேராக அதன் வாய்க்குள் இறங்கிவிட்டாள். சுடவில்லையே என்று அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

இரண்டாவது கூடம் சூரிய மண்டலம். நடுவில் சூரியன், சுற்றிலும் கோள்கள். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஆரம்பிப்பதற்குள் அத்தையின் உருவம் நகர்ந்துவிட்டது. சூரியனை வலப்பக்கம் வைத்துச் சுற்றப் போய்விட்டாள். நவக்கிரகம் என்றால் ஒன்பது சுற்று அவளுக்குக் கணக்கு. அம்மாவும் பின்னாலேயே போனாள்.

அத்தை, இது கோயில் இல்லை என்றேன். நடுவுல சூரியன் நிக்குது, அப்புறம் என்ன என்றாள். மேலே வெள்ளை உருவம் அசையாமல் நின்றது.

இரண்டாம் சுற்றில் பூமி அவள் எதிரே வந்தது. அதற்கு வழிவிட நாற்காலியில் இருந்தபடியே தலையைச் சாய்த்தாள், ஹெட்செட் பக்கத்துத் தடுப்பில் இடித்தது.

"இன்னாடா இது, விக்கிரவாண்டி ரோட்ல ராங் சைடு லாரி வர்ற மாதிரி எதிர்லயே வந்துக்கினு இருக்குது?"

"நீதான் அத்தை ராங் சைடு," என்றாள் தங்கை.

"நானாடி? எந்த ஊர்லடி சாமிய இடமா சுத்துவாங்க?"

மானிட்டரைத் தள்ளிவிட்டு எழுந்தே விட்டாள். எல்லாம் தப்பாகச் சுற்றுகிற இடத்தில் தான் நிற்கமாட்டேன் என்றாள். வெளியேறும் பொத்தான் எங்கே என்று கேட்டாள். என் வேலை அவள் விரல் நுனியில் இருந்தது.

மனப்பாடம் செய்ததில் இதற்குப் பதில் இல்லை. ஆனாலும் வகுப்பில் படித்தது ஒன்று நினைவுக்கு வந்தது. "அத்தை, மேல இருந்து பாத்தாதான் இடமா சுத்துது. கீழ போய்ப் பாக்கலாம், வா," என்றேன்.

அவள் உட்கார்ந்தாள். தங்கை எட்டி அவளுக்குப் பறக்கும் பொத்தானை அழுத்தினாள். நால்வரும் கோள்களுக்கு அடியில் இறங்கி அண்ணாந்து பார்த்தோம். புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் எல்லாமே கடிகார முள் போகிற திசையில் வலமாகப் போய்க்கொண்டிருந்தன. கோள்கள் மாறவில்லை, நாம் நிற்கிற இடம்தான் மாறியது என்று விளக்கினேன். அண்டவெளியில் மேல், கீழ் என்பதே நாம் வைத்துக்கொண்டதுதான் என்றேன். நான் சொல்லி ஒரு கூட்டம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. கூட்டம் என்றால் மூன்று பேர்தான்.

அத்தை அண்ணாந்தபடியே மைக்கில் சொன்னாள்:

"மேல நிக்குதே ஒரு வெள்ளப் பொண்ணு, அதுக்கு யாரும் சொல்லலியா? பாவம், தப்பாவே பாத்துக்கினு நிக்குது. கூப்புடு."

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. வெள்ளை உருவம் தானாக இறங்கி எங்கள் வரிசையில் வந்து நின்றது. "ஆமாங்க அத்தை, இங்கருந்து சரியாத்தான் இருக்கு," என்று அதன் குரல் கேட்டதும் தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஒரு மணி நேரத்தில் முடிகிற சுற்று அன்று இரண்டு மணி நேரம் ஓடியது. காந்தக் கூடம், ஒலிக் கூடம் எதையும் அத்தை விடவில்லை. கடைசிக் கூடத்தில் மேடம், சனிக்கிழமையே வேலையில் சேர்ந்துகொள்ளச் சொன்னார். கீழே போய்ப் பார்க்கிற அந்த இடத்தை மட்டும் மாற்றாதீர்கள் என்றார். அம்மா திரையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

நான்கு கம்ப்யூட்டர், இரண்டு மணி நேரம், பூமிக்கு வழிவிட்டபோது அத்தை ஒடித்த ஹெட்செட் எல்லாம் சேர்த்து சென்டர் பில் முந்நூற்றுத் தொண்ணூறு ரூபாய்.