அக்கா வீட்டுக் குளவிக் கூடு

பர்கூர் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்தபோது நான் அக்கா வீட்டில்தான் தங்கினேன். சிப்காட்டில் புதுசு புதுசாகக் கம்பெனிகள் வந்துகொண்டிருந்த காலம். மாமா ஒரு கம்பெனியில் பிட்டர். அவர் சொல்லித்தான் எனக்கும் வேறொரு கம்பெனியில், பெண்கள் செய்யும் பாக்கிங் வேலை கிடைத்தது. வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீடுகளில் கடைசி வீடு அக்காவுடையது. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, பின்னால் துணி துவைக்கும் கல்.

அக்காவுக்குக் கல்யாணமாகி ஏழெட்டு வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. பெங்களூர் வரைக்கும் போய் டாக்டரைப் பார்த்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். குறை இருக்கிறது என்று சொல்லியிருந்தாலாவது அதற்கு மருந்து சாப்பிட்டிருக்கலாம் என்று அக்கா ஒருமுறை என்னிடம் சொன்னாள். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்க மாட்டாள். ஊரில் விசேஷம் என்றால் ஏதாவது காரணம் சொல்லிப் போகாமல் இருந்துவிடுவாள்.

சுவரில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடிக்கு மேலே ஒரு குளவி மண் வைக்க ஆரம்பித்தது அந்தக் கோடையில்தான். ஒல்லியான இடுப்பும் மஞ்சள் காலுமாக இருக்கும் அந்தக் குளவி, ஜன்னல் வழியாக வந்து கடுகளவு ஈரமண்ணை ஒட்டிவிட்டுப் போகும். நான் விளக்குமாற்றை எடுத்ததும் அக்கா வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடு. அது நம்மள என்ன பண்ணுது?"

வீட்டில் குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் தொட்டில் ஆடும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். எனக்கும் தெரியும். ஆனால் அக்கா அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டுக்காரம்மாதான் வாடகை வாங்க வந்தவர், கண்ணாடியைப் பார்த்துவிட்டு அக்காவைப் பார்த்துச் சிரித்தார். வீட்டில் தெலுங்கும் கடைவீதியில் கன்னடமும் பேசுகிறவர், எங்களிடம் மட்டும் தமிழ். "கலைக்காதம்மா, நல்லதுதான்" என்றார். அக்கா முகம் சிவந்து உள்ளே போய்விட்டாள்.

குளவி வந்துபோகிற நேரத்தில் ஃபேன் போடக்கூடாது. ஜன்னலை மூடக்கூடாது. துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் காய்ந்து கிடந்த மண்ணில் அக்கா தினமும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுவாள். செடி ஒன்றும் இல்லாத இடத்தில் எதற்கு ஊற்றுகிறாள் என்று எனக்கு முதலில் புரியவில்லை. குளவி அங்கே வந்து உட்கார்ந்து மண்ணை உருட்டுவதைப் பார்த்த அன்றுதான் புரிந்தது. மாமாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் சந்தையில் ஒரு சின்னக் கண்ணாடி வாங்கிவந்து வாசலில் ஆணியடித்து, அங்கே நின்று ஷேவ் செய்துகொண்டார்.

மழைக்காலம் தொடங்கியபோது அக்காவுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது.

அந்த மாதங்களில் அக்கா வேறு ஆளாக இருந்தாள். நான் ஷிப்ட் முடிந்து வந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே இருப்பாள். பக்கத்துத் தளி ஊரிலிருந்து வரும் கீரை, பீன்ஸ் என்று மாமா பை பையாக வாங்கி வருவார். பழைய கூட்டை ஒட்டி இன்னொரு குளவி வந்து புதிதாக அறைகள் கட்டியது. இரண்டாவதுக்கும் இப்போதே இடம் பிடிக்கிறது பார் என்று வீட்டுக்காரம்மா கேலி செய்தார். அக்கா அதற்கும் சிரித்தாள்.

ஆறாவது மாதத்தில் ஒருநாள் காலையில் வயிற்றில் அசைவே தெரியவில்லை என்றாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வெகுநேரம் வயிற்றில் குழாயை வைத்துப் பார்த்தார். பிறகு மாமாவை வெளியே அழைத்துப் போய், குழந்தையின் இதயத்துடிப்பு நின்றுவிட்டது என்றார். ஆண் குழந்தை. அக்காவுக்குக் காட்டவில்லை. அவளும் காட்டச் சொல்லவில்லை.

அவளை வீட்டுக்கு அனுப்புகிற அன்று, வீட்டுக்காரம்மா மாமாவிடம் தனியாகச் சொன்னார். அந்தப் பெண் வருவதற்குள் அந்தக் கூட்டை எடுத்துவிடுங்கள், தலைவாரும்போதெல்லாம் கண்ணில் படும் என்று. மாமாவுக்கும் அது சரியென்று பட்டது. வீட்டைக் கழுவிவிட நானும் அவரோடு வந்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, ஸ்க்ரூ டிரைவரால் மண்ணை நெம்பினார். அது சிமெண்டு மாதிரி இறுகிப்போயிருந்தது. பழைய அறைகளில் ஓட்டைகள் இருந்தன, எல்லாம் காலி. கடைசி அறை மட்டும் மூடியிருந்தது. அது உடைந்தபோது உள்ளேயிருந்து ஒன்று மாமாவின் உள்ளங்கையில் விழுந்தது. முழுக் குளவியும் இல்லை, புழுவும் இல்லை. வெள்ளையாக, காலை மடக்கிக்கொண்டு, கண் மட்டும் கறுத்து வருகிற பருவம்.

மாமா ஸ்க்ரூ டிரைவரைக் கீழே போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் அழாதவர் அங்கே அழுதார். பேப்பரில் வைத்துக் கொடுங்கள் மாமா, நான் கொண்டுபோய்ப் போடுகிறேன் என்றேன். அவர் தலையாட்டி மறுத்துவிட்டு, கையை மூடியபடியே பின்பக்கம் போனார். நான் கூடப் போகவில்லை. சுவரைத் துடைத்துக் கண்ணாடியை மறுபடி மாட்டினேன்.

சாயங்காலம் அக்கா வந்தாள். கட்டிலில் படுக்க வைத்தோம். படுத்தபடியே சுவரைப் பார்த்தாள். மண் இருந்த இடத்தில் சுண்ணாம்பு பெயர்ந்திருந்தது.

"யாரு எடுத்தது?"

மாமா தான்தான் என்றார்.

"இருந்துட்டுப் போயிருக்கும். அதுங்க என்ன பண்ணுச்சு, பாவம்."

அவ்வளவுதான் சொன்னாள். மாமா அவள் காலடியில் உட்கார்ந்து போர்வையைச் சரிசெய்தார்.

அதற்குப்பின் அக்காவுக்குக் குழந்தை நிற்கவில்லை. சில வருஷம் கழித்து எனக்குக் கல்யாணமாகி, கிருஷ்ணகிரியில் பெண் பிறந்தாள். அக்கா வந்து என்னோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள். துணி மாற்றினாள், குழந்தையைக் குளிப்பாட்டினாள், எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். முகத்தில் ஒரு வாட்டமும் இல்லை. அத்தனை நாளும் சிரித்த முகமாகவே இருந்துவிட்டு, மாமா வந்து கூப்பிட்டதும் கிளம்பினாள்.

அன்று பஸ் ஏறியதிலிருந்து ஓசூர் போய் இறங்கும்வரை, ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு அவள் அழுதுகொண்டே வந்ததை மாமா ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குச் சொன்னார். உன்னிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாளாம்.